இரண்டு தட்டு தட்டித்தான் திறக்கணும்

பண்டிகை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கினால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "பாட்டி, பெட்டி எங்கே?" பரணில் கிடக்கும் பழைய தகரப் பெட்டி அது. மற்ற மாதங்களில் அதை யாரும் நினைப்பதுகூட இல்லை. விடுமுறைக்கு மட்டும் கீழே இறங்கும். உள்ளே விலையுள்ள பொருள் எதுவும் கிடையாது. மடித்து வைத்த வண்ணத் துணி ஒன்று, பேட்டரியில் எரியும் விளக்குச் சரம், சின்ன மணி, காகிதத்தில் வெட்டிய நட்சத்திரங்கள், பிள்ளைகள் போன வருடங்களில் வரைந்த படங்கள், அப்புறம் அவர்களுடைய தாத்தாவின் டார்ச். அவ்வளவுதான்.

பெட்டியின் மூடி முன்பெல்லாம் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும். ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினால்தான் இளகும். பெரிய பேத்தி சின்னவளாக இருந்தபோது நான் அப்படித் தட்டித் திறந்ததைப் பார்த்திருக்கிறாள். அடுத்த விடுமுறைக்குள் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன். விரல் வைத்தாலே மூடி திறந்துகொள்ளும். அவள் விடவில்லை. மூடியைத் திரும்ப மூடச் சொன்னாள். "இரண்டு தட்டு தட்டித்தான் திறக்கணும் பாட்டி" என்று தானே தட்டிவிட்டுத் திறந்தாள். அவளைப் பார்த்துத் தம்பி தட்டினான். இப்போது பேச்சே சரியாக வராத கடைக்குட்டி, உள்ளங்கையால் மூடியை அறைந்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறாள், சரியாகச் செய்தேனா என்று.

இந்த வீட்டின் முதல் விடுமுறை வழக்கம் இப்படித்தான் பிறந்தது. நான் அதைத் திட்டமிடவில்லை. தேவையில்லாத ஒரு செயலை ஒரு குழந்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிப்பது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு படித்தபோது, இது குழந்தைகளுக்கே உரிய குணம் என்று தெரிந்தது. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உள்ளே பரிசு வைத்த ஒரு பெட்டி. அதைத் திறந்து காட்டுபவர் சில தேவையான வேலைகளையும், குச்சியால் மேலே குத்துவது போன்ற வீண் வேலைகளையும் சேர்த்தே செய்து காட்டுவார். பெட்டி உள்ளே தெரியாத வகையாக இருந்தபோது சிம்பன்சிகளும் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்ததும், எது வீண் வேலை என்று கண்டுகொண்டு அதை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. 3, 4 வயதுக் குழந்தைகளோ, உள்ளே எல்லாம் தெரிந்த பிறகும், வீண் வேலையையும் சேர்த்தே செய்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து டெரெக் லயன்ஸும் அவருடைய குழுவும் இதையே இன்னும் கொஞ்சம் துருவிப் பார்த்தார்கள். தேவையில்லாத செயல்களை விட்டுவிடலாம் என்று சொல்லிப் பழக்கிய பிறகும் குழந்தைகள் அவற்றைச் செய்தார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்தால் அதற்கு ஏதோ பொருள் இருக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாமலேயே ஒன்றைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தக் குணம் இல்லாவிட்டால், எந்தக் குடும்பத்திலும் எந்த வழக்கமும் ஒரு தலைமுறையைத் தாண்டியிருக்காது.

அதனால் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. சின்னக் குழந்தைகளோடு கொண்டாடும் பண்டிகையில் எது வழக்கமாக நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள்தான். நாம் நாள் கணக்கில் தயார் செய்த பெரிய ஏற்பாட்டை அவர்கள் கவனிக்காமலே போகலாம். நாம் கவனிக்காமல் செய்த ஒரு சின்ன அசைவைப் பிடித்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டியாக நாம் செய்ய வேண்டியது, அவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து, அதை அடுத்த முறையும் அப்படியே நடத்துவது. அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி, அவர்களே செய்கிற மாதிரி நடத்துவது. கூடவே, நம் முழங்கால் ஒத்துழைக்காத வருடத்திலும் நடத்த முடிகிற அளவுக்கு அதைச் சின்னதாக வைத்துக்கொள்வது. இந்தக் கடைசி விஷயத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும் காலத்தில் பெரிதாகத் தொடங்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கைவிடும்போது, குழந்தைகளுக்கு அது பாட்டியின் தளர்ச்சியாகத் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்ய முடிகிற வழக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

எங்கள் வழக்கங்கள் இவைதான். அவர்கள் வருவதற்கு முன்பே அவர்கள் வீட்டில் ஒரு காகிதச் சங்கிலி தொங்கும். வந்த அன்று பெட்டி திறக்கும். பண்டிகைக்கு முந்தைய இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒரு கதை. ஒவ்வொரு வருடமும் அதே கதை. பண்டிகை அன்று காலையில் வீட்டின் கடைக்குட்டி மணியடித்து எல்லோரையும் எழுப்ப வேண்டும். சாயங்காலம் அதே படிக்கட்டில், அதே வரிசையில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம். கிளம்பும் நாளில் ஆளுக்கு ஒரு படம் வரைந்து, தேதி போட்டு, பெட்டிக்குள் வைப்பார்கள். வேறு எதுவும் கட்டாயம் இல்லை. மற்றபடி ஒவ்வொரு விடுமுறையும் அதன் போக்கில் போகும்.

காகிதச் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "இன்னும் பத்து நாளில் பாட்டி வீட்டுக்குப் போகலாம்" என்று நாலு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அதற்கு ஒன்றும் விளங்காது. அந்த வயதில் கிழமைகளின் பெயரை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு கிழமைக்கும் இன்னொரு கிழமைக்கும் நடுவில் எவ்வளவு காலம் என்பது மனதில் உருவாகப் பள்ளிக்கூட வயது வர வேண்டும். அதுவரை "நாளைக்கு" என்பதும் "அடுத்த மாதம்" என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் காலையிலும் மாலையிலும் "இன்னிக்கா? இன்னிக்கா?" என்று கேட்டுத் தாயை ஒரு வழியாக்கிவிடுகிறார்கள். காலத்தைக் கைக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தவிப்பு அடங்கும். வண்ணக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, வளையம் வளையமாக ஒட்டி, ஒரு நாளுக்கு ஒரு வளையம் என்று தொங்கவிட்டால் போதும். படுக்கப் போகும்போது ஒன்றைக் கிழிக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று கண்ணே சொல்லிவிடும். யார் கிழிப்பது என்ற சண்டையைத் தவிர்க்க, ஆளுக்கு ஒரு நிறம்.

என் மகளுக்கு முதலில் இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. "அம்மா, இவனுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கவா போகுது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இருக்காது என்பதுதான் நேர்மையான பதில். பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் நினைவைக் கேட்டால், சராசரியாக மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய காலம் அநேகமாக எல்லோருக்கும் வெற்றிடம். தவழ்ந்தது, முதல் முதலாக நடந்தது, யார் மடியில் தூங்கியது, எதுவும் தங்குவதில்லை.

ஆனால் நினைவு என்பது "அந்த நாள் என்ன நடந்தது" என்பதோடு முடிவதில்லை. "இது எப்படி நடக்கும்" என்பதும் நினைவுதான். கேத்தரின் நெல்சன் என்ற உளவியலாளர் 1970களின் பிற்பகுதியிலிருந்தே சின்னக் குழந்தைகளிடம் இதைத்தான் ஆராய்ந்தார். பிறந்தநாள் விழாவில் என்ன நடக்கும், கடைக்குப் போனால் என்ன நடக்கும் என்று மூன்று வயதுக் குழந்தைகளிடம் கேட்டால், அவர்கள் வரிசை மாறாமல் சொல்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்வதைவிட, வழக்கமாக நடப்பதைச் சொல்வது அவர்களுக்கு எளிதாக வருகிறது. முதலில் இது, அப்புறம் இது, அப்புறம் இது. சின்ன மனது உலகத்தைப் பிடித்துக்கொள்வது அந்த வரிசையைக் கொண்டுதான். இதைப் படித்த பிறகு மகளின் கேள்வி என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பேரனுக்கு இரண்டு வயது விடுமுறை மறந்துவிடும். பாட்டி வீட்டில் பெட்டி இறங்கும், விளக்கு அணையும், கதை வரும், காலையில் மணி அடிக்கும் என்ற வரிசை உள்ளே போய்விடும். அடுத்த முறை வரும்போது அவன் புது இடத்துக்கு வரப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நினைவை நாமும் கொஞ்சம் வளர்த்துவிடலாம். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பல வருடங்களாக வேலை நடக்கிறது. 2000இல் வந்த ஓர் ஆய்வில், அங்குள்ள மாவோரி மக்களின் முதல் நினைவு மற்றவர்களைவிட முன்பே, சராசரியாக மூன்று வயதுக்கும் முன்பே தொடங்குவது தெரிந்தது. கடந்த காலத்தைப் பேசிக்கொண்டே இருக்கும் பண்பாடு அவர்களுடையது என்பதை ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ரீஸ், பெற்றோர் குழந்தைகளோடு பழைய நாட்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தவர். "போன வாரம் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு, ஆம் இல்லை என்று வாங்கிக்கொள்வது ஒரு விதம். "யார் யார் வந்தாங்க? அப்புறம் என்ன ஆச்சு? நீ ஏன் அழுதே?" என்று விரித்துக் கேட்டு, குழந்தை சொல்வதோடு நாமும் ஒரு வரி சேர்த்து, அதை ஒரு கதையாக்குவது இன்னொரு விதம். இந்த இரண்டாவது விதத்தில் வளரும் குழந்தைகளுக்குத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் திறன் கூடுகிறது.

படிக்கட்டுப் படங்கள் இதற்குத்தான் எனக்கு உதவுகின்றன. போன வருடப் படத்தைக் கையில் கொடுத்து, "இதுல உன் சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?" என்று கேட்பேன். அவ்வளவுதான் என் வேலை. மீதி அரைமணி நேரத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். பண்டிகைக்கு முந்தைய இரவில் சொல்லும் அந்தக் கதை, என் மகள் இவர்கள் வயதில் இருந்தபோது நடந்தது. அன்றைக்கு நல்ல மழை. சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. தயார் செய்தது எல்லாம் பாதியில் நிற்கிறது. மகள் பயந்து அழுகிறாள். அவளுடைய அப்பா டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்து, விரல்களை மடக்கி நிழலில் ஒரு நாயைக் காட்டுகிறார். நாய் குரைக்கிறது. அழுகை நிற்கிறது. அந்தக் குரைப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் மெழுகுவர்த்தி. அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மா. கொஞ்ச நேரத்தில் மாடிவீட்டுக்காரர்களும் இறங்கி வருகிறார்கள். பண்டிகை எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் நடக்கிறது. மின்சாரம் திரும்பி வந்தபோது யாருக்கும் உள்ளே போக மனமில்லை.

இவ்வளவுதான் கதை. இதில் மந்திரவாதி இல்லை, சிங்கம் இல்லை. ஆனால் ஒரு சொல்லை மாற்றினாலும் பேரன் என்னை நிறுத்திவிடுவான். "நாய் இரண்டு தடவை குரைக்கும் பாட்டி." சரி, இரண்டு தடவை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது பெரியவர்களுக்குச் சலிப்பு. குழந்தைகளுக்கு அங்கேதான் கற்றல் நடக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிக்கா ஹார்ஸ்ட் 2011இல் 3 வயதுக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டி ஒன்றைச் சோதித்தார். சில குழந்தைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்றவர்கள் வெவ்வேறு கதைகளைக் கேட்டார்கள். புதுச் சொற்கள் இரண்டு பக்கமும் அதே அளவு முறைதான் காதில் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்கள் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால், கதையைத் துரத்த வேண்டிய வேலை இல்லை. கவனம் முழுவதும் சின்னச் சின்ன விஷயங்களுக்குப் போகலாம். என் பேரன் மூன்று வயதில் கேட்காத கேள்வியை நாலு வயதில் கேட்டான்: "பாட்டி, மழை பெய்யும்போது அந்த மாடிவீட்டுக்காரங்களுக்கு மட்டும் கரண்ட் இருந்துச்சா?" அதே கதையை மறுபடி சொன்னதால்தான் அந்தக் கேள்விக்கு இடம் கிடைத்தது.

குடும்பத்தில் நடந்ததைக் கதையாகச் சொல்வதற்கு வேறொரு பலனும் உண்டு. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001 வாக்கில் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். உன் அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்று தெரியுமா என்கிற மாதிரியான கேள்விகள். அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 20 பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளை உறுதியாகிவிடும் என்று டியூக் சொல்லவில்லை. அந்தப் பதில்கள் பிள்ளைக்கு வந்து சேர்ந்த வழிதான் முக்கியம் என்கிறார். சேர்ந்து சாப்பிட உட்காரும்போது, விடுமுறையில் கூடும்போது, யாரோ ஒருவர் பேசியிருக்க வேண்டும், பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

அவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். ஒன்றும் இல்லாமல் இருந்து உயர்ந்தோம் என்று மட்டும் சொல்லும் குடும்பக் கதை உண்டு. எல்லாம் இருந்தது, போய்விட்டது என்ற கதையும் உண்டு. பிள்ளைகளுக்கு நல்லது செய்வது மூன்றாவது வகை: ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம், எப்போதும் சேர்ந்திருந்தோம். எங்கள் மின்சாரம் போன கதை அந்த வகையில் மிகச் சின்னது. பிள்ளைகள் வளர வளர, கொஞ்சம் பெரிய இறக்கங்களையும் சொல்ல எனக்கு எண்ணம் உண்டு. சந்தோஷமான நாளில் எதற்கு அதையெல்லாம் என்று உறவில் சிலர் கேட்பதுண்டு. சந்தோஷமான நாளில், எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது சொல்வதுதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

அவர்களுடைய தாத்தா இறந்த வருடம், விடுமுறையை விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் எதற்கும் மனமில்லை. மகள்தான், "குழந்தைகள் மட்டும் வரட்டும்மா, எதுவும் செய்ய வேண்டாம்" என்றாள். வந்தார்கள். பெட்டி இறங்கியது. டார்ச்சை எடுத்ததும் பெரிய பேத்தி கேட்டாள்: "தாத்தா இல்லாம நாயை யார் காட்டறது?" நிழல் நாயைக் காட்டுவது எப்போதும் அவருடைய வேலை. கதை சொல்வது என் வேலை. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள், "எனக்குத் தெரியும். தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கார்." கட்டைவிரலை நிமிர்த்திக் காதாக்கி, சுண்டுவிரலை அசைத்து வாயாக்கி, நாயைக் கொண்டுவந்தாள். நான் கதையைச் சொன்னேன். தாத்தா குரைக்கும் இடம் வந்தபோது என்னால் தொடர முடியவில்லை. தம்பி குரைத்தான், இரண்டு தடவை. கதை முடிந்த பிறகு எல்லோரும் அழுதோம், நன்றாகவே அழுதோம். அழுததில் குழந்தைகளுக்குப் பயம் எதுவும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காலையில் மணி அடிக்கும்.

ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் என்ற இருவர் 1970களின் இறுதியிலும் 80களிலும் வாஷிங்டனில் செய்த வேலை எனக்கு அந்த வருடத்தைப் புரியவைத்தது. குடிப்பழக்கம் உள்ள பெற்றோர் இருக்கும் குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். சேர்ந்து சாப்பிடுவது, பண்டிகை, விடுமுறை ஆகிய வழக்கங்களைக் குடி குலைத்துவிட்ட குடும்பங்களில், அந்தப் பழக்கம் பிள்ளைகளின் தலைமுறைக்கும் போவது அதிகமாக இருந்தது. எவ்வளவு கஷ்டத்திலும் அந்த வழக்கங்களைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களில் அது குறைவு. எங்கள் வீட்டில் வந்தது வேறு வகைத் துயரம். ஆனாலும் வீட்டில் பெரிதாக ஒன்று உடைந்த வருடத்தில், உடையாத சின்ன ஒன்று பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை நேரில் பார்த்தேன். விடுமுறையைத் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கும் தாத்தா பாட்டிகளிடம் நான் கேட்டுக்கொள்வது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஆனால் பிள்ளைகள் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பதுதான்.

நடைமுறை விஷயங்கள் சில. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் தாத்தா பாட்டி உண்டு. பண்டிகை நாள் ஒன்றுதான். யார் வீட்டில் என்ற இழுபறியில் பல குடும்பங்களின் மகிழ்ச்சியே கெட்டுப் போகிறது. சின்னக் குழந்தைக்கு நாள்காட்டி தெரியாது என்பது இங்கே பெரிய வசதி. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் இரவு எதுவோ, அதுதான் எங்களுக்குக் கதை இரவு, மறுநாள்தான் எங்கள் பண்டிகை. சம்பந்தி வீட்டில் உண்மையான பண்டிகை நாளைக் கொண்டாடிவிட்டு நாலு நாள் கழித்து வந்தால், நாலு நாள் கழித்து மணி அடிக்கும். காகிதச் சங்கிலியில் எத்தனை வளையம் என்பதுகூட, அவர்கள் இங்கே வரும் நாளை வைத்து மகள் சொல்லும் கணக்குப்படிதான். சம்பந்தியம்மா தன் வீட்டில் வேறு வழக்கங்கள் வைத்திருக்கிறார், பிள்ளைகள் அவற்றை என்னிடம் விவரமாகச் சொல்வார்கள். அங்கே நடப்பதை இங்கே நான் செய்து காட்டுவதில்லை. அது அவருடையது.

பிள்ளைகள் எப்போது தூங்க வேண்டும், எவ்வளவு நேரம் டிவி பார்க்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதில் பெற்றோர் வார்த்தைதான் முடிவு. கதை இரவில் மட்டும் அரைமணி நேரம் தாமதமாகப் படுக்கலாமா என்று மகளிடமும் மாப்பிள்ளையிடமும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டு வாங்கிய சலுகை எங்கள் எல்லோருக்குமே நிம்மதி.

பரிசைப் பற்றியும் கேட்பார்கள். ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 2018இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், நடக்கத் தொடங்கிய குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும் இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 பொம்மைகள் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையில் பை நிறைய வாங்கிக் குவிக்கும் மனது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பை திறந்ததும் குழந்தையின் கண் நம்மிடமிருந்து போய்விடுகிறது.

ஒரு விடுமுறையில் அவர்களால் வர முடியவில்லை. பெட்டியை நான் வீடியோ அழைப்பில் திறந்தேன். கைபேசியைப் புத்தகத்தில் சாய்த்து வைத்துவிட்டு அங்கிருந்து அவர்கள் மேசையைத் தட்ட, இங்கே நான் மூடியைத் திறந்தேன். இதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்டார்கள். சின்னக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றல்ல. 24 முதல் 30 மாதக் குழந்தைகளை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நேரில் பேசுபவரிடம் கற்ற அளவுக்கே நேரலை வீடியோவில் பேசுபவரிடமும் புதுச் சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. குழந்தை சிரித்தால் அந்தப் பக்கம் இருப்பவரும் சிரிக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டிகள், ஐந்து நிமிடமாக இருந்தாலும் நேரலையில் செய்யுங்கள். அன்றைக்கு மணியை மட்டும் கைபேசிக்கு மிக அருகில் அடித்துவிட்டேன் போல, கடைக்குட்டி காதைப் பொத்திக்கொண்டு மறுபடி அடிக்கச் சொன்னாள்.

பெரியவள் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறாள். மணியடிக்கும் வேலை அவளிடமிருந்து தம்பிக்குப் போனபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். தம்பியிடமிருந்து தங்கைக்குப் போனபோது தம்பிக்கு நிறைய வருத்தம். வயதுக்கு ஏற்ற அடுத்த பொறுப்பு கையில் தயாராக இருந்தால் அந்த வருத்தம் நீடிப்பதில்லை. பையன் இப்போது விளக்குச் சரத்துக்குப் பொறுப்பு. பேட்டரி மாற்றுவது, சிக்கெடுப்பது எல்லாம் அவன்தான். வேறு யாரும் தொடக்கூடாது. பெரியவளிடம், போன விடுமுறையில், "இந்தத் தடவை கதையை நீ சொல்றியா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

அன்றைக்கு நான் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கேட்டேன். அவள் என்னைப் போலவே தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினாள். மழை, மின்சாரம், அழுகை எல்லாம் சரியாக வந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றார்கள் என்றாள். தம்பி எழுந்து உட்கார்ந்தான். "வாசல்ல இல்ல, ஜன்னல்ல!" "வாசல்தான். பாட்டி அப்படித்தான் சொல்வாங்க." "ஜன்னல்!" இருவரும் என்னைப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தார்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன், எங்கிருந்து என்று சொன்னதே இல்லை. அடுத்த அறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கதவில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க மாடிப்படியிலதான் நின்னாங்க. ஒரு பையன் மெழுகு கையில வழிஞ்சு கத்தினான்" என்றாள். மெழுகு வழிந்தது எனக்கே புதுச் செய்தி. அந்தப் பையன் யார், பெயர் என்ன, கையில் கொப்புளம் வந்ததா, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று மூன்று பேரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் பாயில் வந்து உட்கார்ந்தாள்.